வராத குருவியை விரட்டலாகாது

சூறைக்குருவிகள் கம்பம் பள்ளத்தாக்குக்கு நவம்பர் பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும் என்பது அரசாங்கத்தின் முடிவு. குருவிகளுக்கு இந்த விஷயம் தெரியாது என்பதைத் தவிர, அந்த முடிவில் வேறு குற்றம் எதுவும் சொல்லிவிட முடியாது.

தேதியைச் சும்மா குறிக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், பருவப் பறவைகள் வரவு நிர்ணய அலுவலகத்தின் முதல் இயக்குநர் சுருளி அருவிக்குக் குளிக்க வந்தார். காலையில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு காரில் திரும்பும்போது, சோளக்காட்டுக்கு மேலே கரும்புகை மாதிரி ஒரு கூட்டம் சுழன்று இறங்கியது. "அதென்னப்பா?" என்றார். "சூறைக்குருவி சார். வடக்க எங்கேயோ இருந்து வருசா வருசம் வருதுக. சோளத்தச் சூறையாடிட்டுப் போயிரும்" என்றார் டிரைவர். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு. தேதி பதினாறு. அவர் மெட்ராஸ் போய் ஈரத்துண்டைக் கொடியில் போடுவதற்குள் அரசாணை பிறந்துவிட்டது. அன்றிலிருந்து ஒன்பது வருஷப் பதிவேடுகளைப் புரட்டினாலும் குருவிகள் அதே தேதி, அதே மணிக்குத்தான் வந்திருக்கின்றன. ரயில் கூட அப்படி வந்ததில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் அந்தப் பதிவேடு சீனிச்சாமியின் கைக்கு வந்தது. உத்தியோகப் பெயர் 'வரவு நோக்கர், தற்காலிகம்'. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அனுமந்தன்பட்டிக்கு மேற்கே உள்ள சிறு பாறைக்குன்றான கரட்டின் மேல் ஏறி நின்று, வானத்தை நாலு பக்கமும் பார்க்க வேண்டும். பிறகு 'வந்தன' அல்லது 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பருவம் அப்பழுக்கில்லாமல் எழுதினால் வேலை நிரந்தரம். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தவறியவனுக்கு, அண்ணாந்து பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் அது குலதெய்வத்தின் வேலை அல்லாமல் வேறென்ன?

கரட்டுக்கு நேர் கீழேதான் அவனுடைய இரண்டு குறுக்கம் மானாவாரி நிலம். ஆடியில் விதைத்த சோளம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அடுத்த ஆடி வரைக்கும் சோறு அதுதான். பசுவுக்குத் தீனியும் அதன் தட்டைதான். ஒரு கண்ணில் உத்தியோகத்தையும் மறு கண்ணில் வெள்ளாமையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று சீனிச்சாமி கணக்குப் போட்டான். மாறுகண் உள்ளவனுக்குக் கூட அது சாத்தியமில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருஷம் குருவிகள் அக்டோபர் இருபதாம் தேதி வந்துவிட்டன.

கரட்டின் மேல் நின்றிருந்த சீனிச்சாமியின் தலைக்கு மேலேயே வந்தன. முதலில் ஒரு இரைச்சல், பிறகு நிழல், பிறகு ஆயிரக்கணக்கில் ரோஸ் நிற முதுகும் கறுப்புத் தலையும். சோளக்கதிர் பால் பிடித்து இறுகிக்கொண்டிருந்த நேரம். சீனிச்சாமிக்குச் சோளத்தைப் பற்றிய கவலையை உத்தியோகப் பெருமை ஒரு அடி முந்திக்கொண்டது. 'வந்தன' என்று பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, சைக்கிளை உத்தமபாளையத்துக்கு மிதித்தான்.

அலுவலகம் ஒரு நெல் மண்டியின் மாடியில் இருந்தது. அதிகாரி ஆதித்தன் கோபக்காரர் அல்ல. யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்கார வைத்துத்தான் கழுத்தை அறுப்பார்.

"உட்காருய்யா. என்ன, மூச்சு வாங்குது?"

"குருவி வந்துருச்சுங்கய்யா!"

ஆதித்தன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிறகு சீனிச்சாமியைப் பரிவாகப் பார்த்தார். "இன்னும் இருபத்தேழு நாள் இருக்கே?"

"அதுக்கென்ன தெரியும்யா? வந்துருச்சுக. என் காட்டுலதான் எறங்கியிருக்குதுக."

"அப்படிச் சொல்லாத. முன்கூட்டி வர்ற பறவைகளுக்கு ஏழாம் நம்பர் படிவம் இருக்கு. வர்றதுக்கு முப்பது நாளுக்கு முன்னாடியே கொடுத்திருக்கணும். கொடுத்துச்சா?"

"யாரு, குருவியா?"

"அது சார்பா நீ கொடுக்கலாம். சட்டத்துல இடமிருக்கு. கொடுத்தியா? இல்ல. அப்ப எப்படி வந்திருக்கும்?"

எழுத்தர் பொன்னுராஜ் பதிவேட்டை வாங்கி, பாதி பிளேடால் 'வந்தன' என்பதை நோகாமல் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் காகிதம் பூனைக்காது மாதிரி மெலிந்து போயிற்று. அதன் மேல் 'வரவில்லை' என்று சீனிச்சாமி எழுதினான். கோடுகள் இரண்டும் அப்படியே இருந்தன. மறுநாளே அவனுக்கு ஒரு மெமோவும் வந்தது: உரிய முன் அனுமதி இல்லாமல் பறவைகளைப் பார்த்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

விளக்கத்துக்குப் பதில் அவன் ஒரு குருவியையே கொண்டுபோனான். மின்கம்பியில் அடிபட்டு விழுந்தது. துண்டில் சுற்றி எடுத்துப் போய் மேஜைமேல் வைத்தான். ஆதித்தன் தடிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அலகு, கொண்டை, கால் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

"சந்தேகமே இல்ல. சூறைக்குருவிதான்."

"அதத்தானுங்கய்யா சொன்னேன்!"

"ஆனா இன்னிக்குத் தேதி அக்டோபர் இருபத்திநாலு. அதனால இது இந்த வருஷக் குருவி இல்ல. போன வருஷம் வந்துட்டு ஊருக்குத் திரும்பிப் போகாம இங்கனயே தங்கிட்ட குருவி."

"பத்தாயிரம் குருவியுமா தங்கிருச்சு?"

"நம்ம ஊர்த் தண்ணி அப்படிய்யா" என்றார் ஆதித்தன். "நானே ஆறு மாசம்னு சொல்லித்தான் வந்தேன். ஒம்பது வருஷம் ஆச்சு."

இதற்குள் ஊர் முழுக்கத் தகரம் முழங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காட்டிலும் பரண் போட்டு, கவண் எறிந்து, தொண்டை கிழியக் கத்தினார்கள். சத்தமில்லாமல் கிடந்தது, 'வரவில்லை' என்று எழுதிக் கொடுத்த சீனிச்சாமியின் காடு ஒன்றுதான். பள்ளத்தாக்கில் விரட்டுப்பட்ட குருவிகளெல்லாம் விலாசம் கேட்டு வந்தது போல அங்கே வந்து இறங்கின. பக்கத்துக் காட்டு மொக்கம்மாள் வரப்பில் நின்று கூவினாள்.

"ஏலே சீனிச்சாமி, விருந்தாளிகளுக்கு எல போட்டாச்சா? பாயசம் போதுமாடா?"

"அதுக இன்னும் வரலத்தா" என்றான் சீனிச்சாமி. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டான்.

சீனிச்சாமியின் பெண்டாட்டி மாயக்காளால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் மண்ணெண்ணெய் டின்னையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு பரண் மேல் ஏறினாள். அடித்த அடியில் கூட்டம் முழுதும் எழும்பியது. வானம் கறுத்து வெளுத்தது. கதிர்கள் இன்னும் முக்கால்வாசி பிழைத்துத்தான் இருந்தன. அந்தக் காட்டை அன்றைக்குக் காப்பாற்றியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுராஜ் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷன். பரணுக்குக் கீழே நின்று, வெட்கத்தோடு தொண்டையைச் செருமி, சுற்றறிக்கையை வாசித்தார்.

"வரவு நோக்கரோ அவர் குடும்பத்தாரோ, வரவு அறிவிக்கப்படாத பறவையை விரட்டுவது, அப்பறவை வந்துவிட்டதாக ஒப்புக்கொள்வதற்குச் சமமாகும். வராத பறவையை விரட்டலாகாது. மீறினால் நோக்கர் பணிநீக்கம் செய்யப்படுவார்."

மாயக்காள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "வரலையில்ல? வராததத் தகரம் தட்டி வெரட்டுனா ஒங்களுக்கு என்னங்க நட்டம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"குருவி தின்னுச்சுன்னா தாலுகா ஆபீசுல நிவாரணச் சோளமும் வெதையும் குடுப்பாகளாமே. வரலன்னா அதாவது குடுப்பாகளா?"

"வந்துச்சுன்னு எங்க ஆபீஸ் சான்று குடுக்கணும்மா."

"நீங்க குடுப்பீகளா?"

"வந்தா குடுப்போம்."

அவர் சொல்லி முடிக்கும்போது சுற்றறிக்கையின் மேல், கையெழுத்துக்குச் சரியாக, ஒரு குருவி எச்சமிட்டது. பொன்னுராஜ் அதைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். யார் போட்டது என்று கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுத வேண்டியிருக்கும்.

அவர் போன பிறகு சீனிச்சாமி பரண் மேல் ஏறினான். மாயக்காளின் கையிலிருந்த டின்னைப் பிடித்தான். அவள் விடவில்லை.

"ஏ புள்ள, இன்னும் இருவது நாளுதான். அப்பறம் சாகுற வரைக்கும் மாசச் சம்பளம்."

"அதுவரைக்கும் என்னத்தத் தின்கிறது? ஒங்க நோட்டையா?"

"சர்க்கார் வேலடி. நம்ம வம்சத்துல ஒருத்தன் வாங்கியிருக்கானா?"

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டின்னை விட்டுவிட்டாள். அவள் பிடுங்கியிருந்தால் கொடுத்திருப்பான் என்பதுதான் உண்மை. அவள் பிடுங்காததால் டின் அவன் கையிலேயே நின்றுவிட்டது. எழும்பிய கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றி, ஆட்சேபணை ஏதுமில்லை என்று தெரிந்துகொண்டு, திரும்பவும் இறங்கியது.

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு அவன் கரட்டின் மேல் நின்று 'வரவில்லை' என்று எழுதினான். வராத குருவிகளின் இரைச்சலில் பேனா கீறும் சத்தம் கேட்பதில்லை. சில நாள் ஒன்றிரண்டு அவன் எழுதும் பாறையிலேயே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தன. எழுத்துப்பிழை பார்ப்பது போலிருக்கும். அவன் முதுகைத் திருப்பிக்கொள்வான். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு கதிராகத் தின்று முடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கை தன்னால் கல்லைத் தேடும். கல் கிடைத்ததும் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, நல்லபடியாகக் கீழே வைத்துவிடுவான். மாயக்காள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவளும் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி காட்டில் ஒரு மணி கூட மிச்சமில்லை. குருவிகள் மொத்தமாக எழும்பி போடிப் பக்கம் போய்விட்டன. மறுநாள் காலையில் சீனிச்சாமி வெறிச்சோடிக் கிடந்த வானத்தைப் பார்த்து 'வரவில்லை' என்று எழுதினான். மூன்று வாரத்தில் அவன் எழுதிய முதல் உண்மை அது. ஆதித்தன் அதற்கும் மற்றவற்றுக்குப் போட்ட மாதிரியே டிக் போட்டார்.

பதினாறாம் தேதி வரவேற்பு விழா. மெட்ராஸிலிருந்து இணை இயக்குநர் வருகிறார் என்றதும், பறவைகள் அதிகம் விரும்பும் இடம் எது என்று அலுவலகம் ஆராய்ந்து பார்த்துச் சீனிச்சாமியின் காட்டையே தேர்ந்தெடுத்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. பந்தல் கால் நட நடுக்காட்டில் தட்டையை வெட்டிச் சாய்த்தார்கள். மேளம் வந்தது. வரவேற்பு வளைவில் 'வருக வருக' என்று எழுதி, யாரை என்று போடாமல் விட்டிருந்தார்கள். போன மாதம் வேறொரு துறைக்குச் செய்த வளைவு அது.

ஏழே முக்காலுக்கு இணை இயக்குநர் வந்து மாலை போட்டுக்கொண்டார். எட்டு அடித்ததும் மேளம் நின்றது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பருந்து வந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது. எட்டரை வரை கழுத்து வலிக்கப் பார்த்தபின் இணை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் பறவைகளுக்கு நாம் என்ன குறை வைத்தோம்? மாடியில் அலுவலகம் வைத்தோம். ஜீப் வைத்தோம். ஓர் இணை இயக்குநரையே வைத்திருக்கிறோம். நான் மெட்ராஸிலிருந்து கிளம்பி ஏழே முக்காலுக்கு இங்கே நிற்கிறேன். எனக்கு இறக்கை இல்லை. இறக்கை உள்ளவர்களால் ஏன் முடியவில்லை? பறவை வந்தால் எண்ணுவேன் என்பவன் சாதாரண மனிதன். வராத பறவையையும் விட்டுவிடாமல் தினந்தோறும் பதிவு செய்கிறவன்தான் அதிகாரி! அந்த வகையில் இந்த அலுவலகம் இதுவரை ஒரு நாள் கூடத் தவறியதில்லை. பறவைகள் தவறலாம். நாம் தவற மாட்டோம்!"

ஆதித்தன் கைதட்டினார். பந்தல் முழுதும் கைதட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சீனிச்சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றான். கையில் ஒரு கதிர் இருந்தது. கதிர் என்பது மரியாதைக்கு. மணி உதிர்ந்த வெறும் ஈர்க்குக்கட்டு.

"என்னப்பா அது?"

"சோளக்கருதுங்கய்யா. ரெண்டு குறுக்கமும் இப்பிடித்தான் நிக்குது."

"தின்றது யார்?"

"சூறைக்குருவிங்கய்யா."

"அதுதான் வரவில்லையே" என்றார் இணை இயக்குநர், குழந்தைக்குச் சொல்வது போல.

பதிவேடு வந்தது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து முந்தின நாள் வரை 'வரவில்லை' என்று முத்து முத்தான எழுத்து. அக்டோபர் இருபதாம் தேதியில் விரல் வைத்தால் மட்டும் மறுபக்கம் தெரிந்தது. இணை இயக்குநர் அங்கே விரல் வைக்கவில்லை.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுங்கய்யா."

"நீ பொய் எழுதுகிற ஆளா? யோசித்துச் சொல். ஆமாம் என்றால் உன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். இல்லை என்றால் உன்னைப் போன்ற நேர்மையானவனை நிரந்தரமாக்க வேண்டியிருக்கும்."

ஆமாம் என்று சொன்னால், குருவி வந்ததாக ஆகும். சான்று கிடைக்கும். ஊருக்கே நிவாரணச் சோளமும் விதையும் வரும். தகரம் தட்டியும் பாதிக் காட்டை இழந்தவர்கள், பந்தலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். மொக்கம்மாள் "சொல்லுடா, சொல்லுடா" என்று வாயசைத்தாள். மாயக்காள் வாயசைக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனிச்சாமி கதிரை மேடை விளிம்பில் வைத்தான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். எழுபத்தாறு நாள் ஒரே வார்த்தையை எழுதிய பழக்கமோ என்னமோ, வெளியே வந்தது வேறு.

"இல்லைங்கய்யா."

மேளம் முழங்கியது. இணை இயக்குநர் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். மொக்கம்மாள் காறித் துப்பிவிட்டுப் போனாள். இணை இயக்குநரோடு வந்து காட்டைச் சுற்றிப் பார்த்த நிபுணர் குழு, கதிர்கள் விதைக் கோளாறினால் மணி பிடிக்காமல் போனதாக அரைப் பக்கம் எழுதியது.

இரண்டு நாள் கழித்து நிரந்தர உத்தரவை வாங்கச் சீனிச்சாமி மாடி ஏறினான். ஆதித்தன் உட்கார வைத்தார்.

"உத்தரவு தயார். பருவம் முடிஞ்சதும் கைக்கு வந்துரும்."

"பருவம் எப்பங்கய்யா முடியும்?"

"நீ 'வந்தன'ன்னு எழுதுற அன்னிக்கு முடியும். இந்த வருஷம் அதுக தாமதம் பண்றதால தேதிய ஜனவரி பதினாலுக்கு நீட்டியிருக்கோம்."

"அதுக போயிருச்சுகளேய்யா. இனிமே இந்த வருசம் வராதுங்களே!"

"வராத ஒண்ணு எப்படிய்யா போகும்?" என்றார் ஆதித்தன். இந்தத் தடவை அவர் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம் இருந்தது.

"அதுவரைக்குஞ் சம்பளம்?"

"தற்காலிகச் சம்பளம் நவம்பர் பதினாறோட சரி. நீட்டிப்புக்கு நிதி கேட்டு எழுதியிருக்கோம். நீ பாட்டுக்கு ஏறிப் பாத்துக்கிட்டே இரு. நடுவுல விட்டுட்டா பருவம் அறுந்துபோகும்."

தை பிறக்கும் வரை வீட்டில் அடுப்பெரிய ஒன்றுமில்லை. பசு முதலில் விலைக்குப் போனது. வெட்டிச் சாய்த்தது போக மிச்சமிருந்த தட்டையை மொக்கம்மாள் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அதுதான் சீனிச்சாமிக்கு அதிகம் வலித்தது. கார்த்திகை மாதம் மேலே மலையில் ஏலத்தோட்டங்களில் காய் எடுப்புக்கு ஆள் தேடிக் கங்காணி வந்தான். மாயக்காள் பெயர் கொடுத்தாள். அவனிடம் கேட்கவில்லை. வேட்டியும் போர்வையும் துவைத்து மடித்து வைத்தாள். பானையில் இரண்டு படி கேப்பை மாவு வைத்து, மூடியின் மேல் கல்லை வைத்தாள்.

ஜீப் காலை ஏழரைக்கு ஊர் மந்தைக்கு வந்தது. நாலு பேர் உட்காரும் இடத்தில் பதினோரு பெண்கள். மாயக்காள் பன்னிரண்டாவதாக, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலைப் படியிலும் வைத்து நின்றாள். சீனிச்சாமி அவள் பையைத் தூக்கி உள்ளே வைத்தான். எட்டு மணிக்குக் கரட்டின் மேல் இருக்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்தில் நெருடிக்கொண்டே இருந்தது.

"குளிரும் புள்ள. காதக் கட்டிக்க."

"ம்."

"தோட்டத்துக் கூலிக்காரங்க லயத்துல தனியாப் படுக்காத."

"ம்."

"எப்பத் திரும்பி வருவ?"

டிரைவர் கியரைப் போட்டான். மாயக்காள் முந்தானையைத் தலையோடு இழுத்துச் சுற்றி, காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. சந்தையில் விலை கேட்பவளின் குரல் மாதிரி இருந்தது.

"ஒங்க ஆபீசுல கேட்டுச் சொல்லிவிடுங்க. அவுக என்னிக்குன்னு சொல்றாகளோ, அன்னிக்கு வாரேன்."

ஜீப்பில் இருந்த பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. வண்டி கிளம்பிப் புழுதி அடங்குகிற வரை சீனிச்சாமி அங்கேயே நின்றான். அவன் கை தன்னால் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிருந்தது.